கழற்றிய கதவுக்கு ஓர் இடம்



இன்று நான் பேச வந்திருக்கும் பொருள் சின்னப் பொருள். ஜீப்பின் கதவைக் கழற்றுகிறோம். கழற்றிய கதவை எங்கே வைப்பது? அதற்கென்று ஒரு ஸ்டாண்டை நம் வீட்டிலேயே, நம் ஊர்ப் பட்டறையிலேயே எப்படிச் செய்துகொள்வது? இவ்வளவுதான். ஆனால் கதவுள்ள ஜீப் வைத்திருப்பவர்களின் வீட்டுப் பின்கட்டைப் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கதவு. மாட்டுக் கொட்டகையில் ஒரு கதவு. மாடிப்படிக்குக் கீழே, வைக்கோலும் சாக்கும் சரிந்து கிடக்கிற இடத்தில் ஒரு கதவு. சாலையில் பத்து வருடம் ஓடியும் கீறல் விழாத கதவு, கழற்றி வைத்த ஒரே கோடையில் நசுங்கிப்போகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை ஒரு கூட்டத்தின் பொருளாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பொருளைப் பேச இந்தச் சீயமங்கலத்தைவிடப் பொருத்தமான ஊர் எது? இதோ, ஏரிக்கரைப் பக்கம் பாறையைக் குடைந்து பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எடுத்த கோயில் இருக்கிறது. அவனிபாஜன பல்லவேசுவரம் என்று கல்வெட்டு சொல்கிற கோயில். நமக்குத் தூணாண்டார் கோயில். ஏழாம் நூற்றாண்டின் தொடக்க வேலை. வாயில் காவலர்கள் பாறையிலேயே நிற்கிறார்கள். தூணின் மேல் நடனமாடும் சிவனும் அதே பாறைதான். செஞ்சிக்கு அந்தப் பக்கம் மண்டகப்பட்டில் அதே அரசன் கல்வெட்டிலேயே பெருமையாகச் சொல்லி வைத்தான்: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று. குடைந்து எடுத்த கல்லில் கழற்ற ஒன்றும் இல்லை. கழற்ற ஒன்றும் இல்லாத இடத்தில், எடுத்து வைக்கவும் ஒன்றும் இல்லை.

மரமும் இரும்பும் வந்த இடத்தில்தான் கேள்வி பிறக்கிறது. செஞ்சிக் கோட்டைக்குப் போயிருப்பீர்கள். ராஜகிரி உச்சிக்கு ஏறும்போது, ஏறக்குறைய மேலே போய்ச் சேர்ந்த நேரத்தில், பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். அந்தப் பிளவின் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் அது எடுத்துவிடக்கூடிய மரப்பாலம். எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை யாரும் நெருங்க முடியாது. முகலாயப் படை ஏழெட்டு வருடம் கீழே உட்கார்ந்து காத்துக் கிடந்து, 1698-ல்தான் கோட்டையைப் பிடித்தது என்றால், அதற்கு இந்தப் பிளவும் ஒரு காரணம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எடுத்த பாலத்தை மேலே இருப்பவன் கண்ட இடத்தில் போட்டு வைத்திருப்பானா? அவசரத்துக்குத் திரும்பப் போட முடியாத பாலம் அவனையே அல்லவா சிறை வைத்துவிடும்? கழற்றுவதைப் பற்றி நினைத்தவன், வைப்பதையும் திரும்ப மாட்டுவதையும் அதே மூச்சில் நினைத்துத்தான் ஆக வேண்டும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த ஒரே கோட்டை நம் செஞ்சி. மதிலைப் பார்க்கப் போகிறவர்கள், கீழ்க்கோட்டையில் இருக்கும் களஞ்சியத்தையும் உள்ளே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அந்தச் சுவரின் கனத்தையும் வளைவுக் கூரையையும் பாருங்கள். பொருளைப் பாதுகாத்து வைப்பதற்கு எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்!

கோட்டையை விடுங்கள். கடைவீதிக்கு வாருங்கள். இரும்பு ஷட்டர் வருவதற்கு முன்னால் நம் ஊர்க் கடைகளுக்கு என்ன கதவு? பலகைக் கதவு. மேலும் கீழும் காடி எடுத்த சட்டம். அதில் ஒவ்வொன்றாகச் செருகும் பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் எண் போட்டிருக்கும். காலையில் கடைசிப் பலகையில் தொடங்கிக் கழற்றுவார்கள். கழற்றிய பலகைகள் கடைக்குள் ஒரே மூலையில், ஒரே வரிசையில் நிற்கும். இரவு எட்டு மணிக்குக் கரண்ட் போனாலும் கடைப் பையன் இருட்டில் கையை நீட்டி எடுத்து, வரிசை பிசகாமல் மாட்டிவிட்டுப் பூட்டுவான். இடம், எண், வரிசை. இந்த மூன்றும் நம் தாத்தாக்கள் தினமும் செய்த வேலை. ஜீப் கதவுக்கும் இந்த மூன்றும்தான் வேண்டும்.

இனி ஜீப்புக்கு வருவோம்.

1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி ஜீப்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கியபோது அதற்குக் கதவே கிடையாது. ஏறும் வழியில் குறுக்கே ஒரு பட்டை கட்டியிருப்பார்கள், விழுந்துவிடாமல் இருக்க. போர் வீரன் சட்டென்று குதித்து இறங்க வேண்டும், கதவு எதற்கு? போர் முடிந்து ஜீப் வயலுக்கும் ஊருக்கும் வந்தபோதுதான் மழையும் குளிரும் கணக்கில் வந்தன. கதவு வந்தது. ஆனால் வேண்டும்போது மாட்டி, வேண்டாதபோது எடுக்கும் கதவாக வந்தது. அந்தக் குணம் இன்றுவரை ஜீப்பை விட்டுப் போகவில்லை.

நம் நாட்டில் 1945-ல் தொடங்கிய மகிந்திரா கம்பெனி, நாடு விடுதலை அடைந்த காலத்திலேயே வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்கிப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஊருக்குள் ஜீப் வருகிறது என்றால் பி.டி.ஓ. வருகிறார், தாசில்தார் வருகிறார், அம்மை ஊசி போட வருகிறார்கள், தேர்தல் வருகிறது. அந்த ஜீப்புக்குத் தார்ப்பாய்க் கூரை. பக்கவாட்டில் குழாய்ச் சட்டத்தில் ரெக்சின் தைத்த கதவு. அதில் மஞ்சள் பூத்த பிளாஸ்டிக் ஜன்னல். கதவின் ஓரத்தில் இரண்டு பின். வண்டியின் உடம்பில் இரண்டு துளை. தூக்கினால் வந்துவிடும், செருகினால் நின்றுவிடும். எத்தனை எளிமை!

இன்றைக்கு அதே வம்சத்தில் ஜீப் ராங்க்ளர் இருக்கிறது. 2021 முதல் மகாராஷ்டிரத்தில் ரஞ்சன்காவ் ஆலையில் அதை இங்கேயே பூட்டுகிறார்கள். நாலு கதவையும் கழற்றலாம், கூரையைக் கழற்றலாம், முன்கண்ணாடியை மடக்கலாம். இப்போது வரும் ராங்க்ளரின் கதவு அலுமினியம். முந்தைய தலைமுறையின் இரும்புக் கதவைவிடக் கனம் குறைவு. அப்படியும் ஒரு முன்கதவு இருபது கிலோ அளவுக்கு வரும். உள்ளே கண்ணாடி, மோட்டார், ஸ்பீக்கர், ஒயர். வெளியே பக்கக் கண்ணாடி. அந்தக் கால ரெக்சின் கதவைப் போல் மூலையில் சாய்த்துவிட்டுப் போக முடியுமா?

இதை உலகம் முழுவதும் யோசித்திருக்கிறார்கள். 2021-ல் ஃபோர்டு கம்பெனி அமெரிக்காவில் பிராங்கோ என்ற வண்டியைத் திரும்பக் கொண்டுவந்தது. அதன் நாலு கதவு மாடலில் கழற்றிய கதவுகளைப் பையில் போட்டு வண்டியின் பின்பகுதியிலேயே வைத்துக்கொள்ள இடம் விட்டார்கள். பக்கக் கண்ணாடியைக் கதவில் வைக்காமல் வண்டியின் உடம்பிலேயே வைத்தார்கள். கதவு போனாலும் கண்ணாடி போகாது. நல்ல யோசனை, மனமாரப் பாராட்டுகிறேன். நம் கையில் இருக்கும் வண்டிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே வைக்கும் இடத்தை நாம்தான் செய்ய வேண்டும்.

சரி, ஸ்டாண்ட் செய்வதற்கு முன்னால், கதவு எப்படிக் கெடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

சுவரில் சாய்த்து வைக்கிறோம். கதவின் முழுக் கனமும் அடி ஓரத்தில் ஒரு விரல் அகலத்தில் இறங்குகிறது. அந்த ஓரம் தகடு மடிந்த இடம். பெயிண்ட் விட்டுப்போனால் இரும்புக் கதவில் துரு தொடங்குவது அங்கேதான். சிமென்ட் தரையில் கதவு மெல்ல வழுக்கும். ஒருநாள் படார் என்று விழும்.

படுக்கப் போட்டு வைக்கிறோம். கதவின் அடியில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் உண்டு. கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே போகும் மழைத் தண்ணீர் அந்தத் துளை வழியாக இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. கதவு நின்றால் தண்ணீர் இறங்கும். படுத்தால்? உள்ளேயே தேங்கும். மோட்டாரும் ஒயர் முனைகளும் அதில் ஊறும்.

பாலிதீன் தாளில் சுற்றிக் கட்டி வைக்கிறோம். பகல் வெயிலில் உள்ளே வேர்க்கிறது, இரவில் அந்த வேர்வை கதவின் மேலேயே படிகிறது. பழைய டியூபை அடியில் கொடுத்து வைக்கிறோம். கறுப்பு ரப்பர் மாதக்கணக்கில் பெயிண்டோடு ஒட்டிக் கிடந்தால் கறை இறங்கிவிடும், பிறகு எந்தப் பாலிஷுக்கும் போகாது. போதாததற்கு எலி. கதவிலிருந்து தொங்கும் ஒயர்ச் சுருளை எலியிடமிருந்து காப்பாற்றியவன் புத்திசாலி.

இன்னொன்றும் சொல்கிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. விழுப்புரம் மாவட்டமும் திருவண்ணாமலை மாவட்டமும் தண்ணீரில் நின்றன. ஷெட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வரும் ஊரில், தரையில் வைத்த எதுவும் பத்திரம் இல்லை. நம் ஸ்டாண்டில் கதவின் அடி ஓரம் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேலேயாவது இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் வழி தானே தெரிகிறது. கதவு வண்டியில் எப்படி இருந்தது? நிமிர்ந்து இருந்தது. எதில் தொங்கியது? தன் கீலில் தொங்கியது. அந்தக் கனத்தைத் தாங்கவென்றே செய்த இடம் கீல். கதவுக்குள் இருக்கும் பலமான எலும்பெல்லாம் கீலைப் பார்த்தே ஓடுகிறது. அப்படியானால் ஸ்டாண்டிலும் கதவை அதன் கீலிலேயே தொங்கவிடுங்கள்! அடியில் முட்டுக் கொடுக்காதீர்கள், ஜன்னல் சட்டத்தில் கம்பியைக் கொடுத்துத் தூக்காதீர்கள், கயிறு கட்டாதீர்கள். ஜன்னல் வழியே கையை நுழைத்துத் தாங்கும் ஸ்டாண்டுகள் பலர் செய்கிறார்கள், செய்வது சுலபம்தான். எனக்கு அதில் திருப்தி இல்லை. கனம் தாங்கப் பிறக்காத இடத்தில் கனத்தை ஏற்றுவது அது.

கீலில் தொங்கவிடுவது என்று முடிவு செய்தால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஐ.டி.ஐ. தம்பிகள் கவனியுங்கள். கதவு இருபது கிலோ. அதன் ஈர்ப்பு மையம் கீலிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே நாற்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இருபதை அரையால் பெருக்கினால் பத்து. பத்தை 0.4-ஆல் வகுத்தால் இருபத்தைந்து. அதாவது மேல் கீலைக் கதவு இருபத்தைந்து கிலோ விசையோடு தன் பக்கம் இழுக்கிறது. கீழ்க் கீலை அதே விசையோடு உள்ளே தள்ளுகிறது. கதவின் கனத்தைவிட இழுக்கும் விசை அதிகம்! நாலு கதவு தொங்கினால் மேல் சட்டத்தில் நூறு கிலோ இழுப்பு. வெறுமனே இரண்டு கம்பத்தை நட்டு மாட்டினால் கதவுகள் இருக்கும் பக்கம் ஸ்டாண்ட் குப்புறக் கவிழாதா?

கவிழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? கதவுகள் எந்தப் பக்கம் நீள்கின்றனவோ அந்தப் பக்கமே அடிச்சட்டமும் நீள வேண்டும். ஈர்ப்பு மையம் அடிச்சட்டத்துக்கு உள்ளே விழ வேண்டும். அவ்வளவுதான் ரகசியம்.

இப்போது ஸ்டாண்டைச் சொல்கிறேன். அடிச்சட்டம் நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 100. அதன் ஒரு முனையில் இரண்டு கம்பங்கள், தோள் உயரத்துக்கு. கம்பங்களை இணைத்து இரண்டு குறுக்குச் சட்டங்கள்: மேல் கீலுக்கு ஒன்று, கீழ்க் கீலுக்கு ஒன்று. இந்தக் குறுக்குச் சட்டங்களில்தான் பின் உட்காரும் குழாய்த் துண்டுகளை வெல்டிங் செய்கிறோம். கம்பத்தின் மேல் பாதியிலிருந்து அடிச்சட்டத்துக்கு இரண்டு பக்கமும் சாய்கால் கட்டாயம். அந்த நூறு கிலோ இழுப்பைத் தாங்கப்போவது அதுதான். கம்பத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் ஐம்பதுக்கு ஐம்பது சதுரக் குழாய், 3 மில்லிமீட்டர் தடிமன், போதும். ஆங்கிள் கைவசம் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். கூர்மையான ஓரம் கதவைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவுகள் புத்தகத்தின் தாள்களைப் போல ஒன்றுக்கு ஒன்று இணையாக, ஒரே பக்கம் நீண்டு தொங்கும். எது எங்கே? இடது கதவுகள் இடப்பக்கம், வலது கதவுகள் வலப்பக்கம். முன்கதவுகள் இரண்டும் வெளி வரிசை, பின்கதவுகள் இரண்டும் உள்வரிசை. ஏன் இப்படி? முன்கதவில்தான் பக்கக் கண்ணாடி துருத்திக்கொண்டிருக்கிறது. இப்படி மாட்டினால் இரண்டு கண்ணாடிகளும் வெளியே பார்த்து நிற்கும். பக்கத்துக் கதவை இடிக்காது.

இனி அளவு. இங்கேதான் பொறுமை வேண்டும். இரண்டு கீல்களுக்கும் இடையே உள்ள தூரத்தை வண்டியின் உடம்பிலிருந்தே எடுங்கள். ஒரு கெட்டி அட்டையை வைத்து, துளைகளின் இடத்தைக் குறித்து வெட்டிக்கொள்ளுங்கள். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் ஒரே அளவு என்று நினைத்துவிட வேண்டாம், தனித்தனி அட்டை. பின்னின் தடிமனைக் காலிப்பரில் அளந்து, குழாய்த் துண்டின் உள்விட்டம் அதைவிட ஒரு மில்லிமீட்டருக்குள் கூடுதலாக இருக்கும்படி பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கதவு மாட்டிக்கொள்ளும், அதிகம் தளர்ந்தால் ஆடும்.

மேல் குழாய்த் துண்டும் கீழ்க் குழாய்த் துண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். நூலளவு பிசகினாலும் இரண்டாவது பின் இறங்காது. இதற்கு நம் பட்டறைக்காரர்கள் செய்யும் ஒரு வேலை இருக்கிறது, கேளுங்கள். நேரான ஒரு நீள ராடை எடுத்து இரண்டு துண்டுகளையும் அதிலேயே கோத்துவிடுவார்கள். தூக்குக் குண்டு விட்டு ராடு செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து, அட்டையை வைத்துத் தூரம் பார்த்து, முதலில் இரண்டு புள்ளி டாக் மட்டும் அடிப்பார்கள். ராடு தடையில்லாமல் மேலும் கீழும் ஓடினால்தான் முழு வெல்டிங். சூட்டில் இரும்பு இழுக்கும். அதனால் ராடை உள்ளே வைத்துக்கொண்டே, ஒரு பக்கம் கொஞ்சம் மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். இந்தக் கைநேர்த்தியைப் பார்க்கும்போது எனக்கு வணங்கத் தோன்றும். எந்தப் புத்தகத்தைப் படித்து இதைக் கற்றார்கள்? குருவின் பக்கத்தில் நின்று கற்றார்கள்.

ஓர் எச்சரிக்கை. வெல்டிங்கோ கிரைண்டிங்கோ நடக்கும்போது கதவு பக்கத்தில் இருக்கவே கூடாது. தீப்பொறி கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். துடைத்தால் போகாது. கதவைப் பொருத்திப் பார்க்க வேண்டுமென்றால் வேலை முடிந்து, இரும்பு ஆறிய பிறகு.

பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், அதன் மேல் பெயிண்ட். குழாய்த் துண்டின் வாயில் ஒரு நைலான் வாஷர். கீலின் தோள் அதன் மேல் உட்காரட்டும். பின்னுக்குத் துளி கிரீஸ். கதவுகளின் மறுமுனை காற்றில் ஆடி ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, அடிச்சட்டத்தின் மறுகோடியில் தாழ்வாக ஒரு சட்டம் எழுப்பி, நாலு இடத்தில் கவை வைத்துத் துணி சுற்றுங்கள். அது ஆடாமல் பிடிக்க மட்டும்தான், கனம் அதில் இறங்கக் கூடாது.

அடியில் நாலு சக்கரம். நாலு கதவு எண்பது கிலோ, ஸ்டாண்ட் ஓர் ஐம்பது கிலோ. ஐம்பது கிலோ தாங்கும் சக்கரம் நாலு போட்டால் தாராளம். இரண்டு சக்கரத்துக்காவது பிரேக் வேண்டும். நம் வாசல்கள் ரசமட்டம் பார்த்துப் போட்டவை இல்லை. பிள்ளைகள் ஏறி விளையாடும் வீடு வேறு.

சுவரிலேயே அடித்து மாட்டிவிடலாமே, இவ்வளவு இரும்பு எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் சுவர் என்ன சுவர்? மண் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவரா, ஹாலோ பிளாக்கா? இரண்டிலும் ஆங்கர் போல்ட் மாதக்கணக்கில் இழுபட்டால் கழன்று வரும். சுவரில்தான் வேண்டும் என்றால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை துளைத்து, இருபுறமும் தகடு கொடுத்து நட்டுப் போடுங்கள். மரத்தில் செய்யலாமா? செய்யலாம். பழைய வாசற்கால் கட்டை கிடைத்தால் அருமையான சரக்கு. ஆனால் கரையான் உள்ள மண் இது; கால் தரையைத் தொடக் கூடாது. கயிறும் கப்பியும் போட்டுக் கூரையில் தூக்கிக் கட்டுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கீழே மனிதர் நடக்கிற இடத்தில் தலைக்கு மேல் இருபது கிலோ தொங்க வேண்டாம்.

பழைய மகிந்திரா ஜீப்பின் ரெக்சின் கதவு வைத்திருப்பவர்களுக்குக் கனம் ஒரு பிரச்சினையே இல்லை. உங்களுக்கு எதிரி வெயிலும் மடிப்பும். பிளாஸ்டிக் ஜன்னல் மடிந்தால் அந்தக் கோட்டில் வெடித்துவிடும். ஆகவே இரண்டு முளை அடித்துப் பின்னைச் செருகித் தொங்கவிடுங்கள். ஜன்னல் விரிந்தபடி, நிழலில். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் பழைய வேட்டித் துணி.

இப்போது சின்னச் சாமான்கள். ராங்க்ளர் கதவின் ஒவ்வொரு கீலுக்கும் அடியில் ஒரு திருகு இருக்கிறது. டி-50 என்ற நட்சத்திரத் தலைச் சாவியால் கழற்றுவது. கழற்றிய அன்றைக்கு எல்லாம் கையில் இருக்கும். மூன்று மாதம் கழித்து மழை வரும் நாளில் தேடினால்? ஸ்டாண்டிலேயே மூடியுள்ள ஒரு டப்பாவை வெல்டிங் பண்ணிவிடுங்கள். திருகும் சாவியும் அதற்குள்ளேயே இருக்கட்டும். கடைப் பலகைக்குப் போட்ட மாதிரி ஒவ்வொரு குழாய்த் துண்டுக்கும் மேலே பெயிண்டில் எண் எழுதுங்கள். ஒயர் முனைக்கு ஒரு சின்னத் துணிப்பை கட்டி, கதவின் உட்பக்கம் மேலே தூக்கி முடிந்துவிடுங்கள். கம்பத்தின் அடியில் எலி ஏறாதபடி தகரத்தைப் புனல் மாதிரி மடித்து மாட்டலாம். தென்னை மரத்தில் தகரம் அடிப்பதைப் பார்த்திருக்கிறோமே. கதவுக்கு மேலே பருத்திப் போர்வை மட்டும், காற்றோட்டமாக.

கதவு இல்லாமல் வண்டியை எங்கே ஓட்டலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதவோடு பக்கக் கண்ணாடியும் போய்விடுகிறது. பின்னால் வரும் பஸ் தெரியாமல் திண்டிவனம் ரோட்டில் போகலாமா? கூடாது. சாலைக்கு வருவதாக இருந்தால் உடம்பில் மாட்டும் தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எல்லோரும் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். வயலுக்குள்ளும் மலையடிவாரத்துத் தடத்திலும் ஓட்டுங்கள். அந்தக் காற்று தரும் சுகத்துக்குத்தானே கதவைக் கழற்றினோம்.

நண்பர்களே, கேட்டது போதும், செய்து பார்ப்போம். வெளியே புளிய மரத்தடியில் ஸ்டாண்ட் நிற்கிறது. பக்கத்திலேயே ஒரு ராங்க்ளரும் நிற்கிறது. வண்டிக்காரர் அன்போடு சம்மதம் கொடுத்திருக்கிறார். உள்வரிசை முதலில் நிரம்ப வேண்டும், அதனால் பின்கதவிலிருந்து தொடங்குவோம். ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்க வேண்டும். உள்ளே ஒயரைப் பிரிக்க வேண்டும், கதவு அளவுக்கு மேல் திறக்காமல் பிடிக்கும் வாரைக் கழற்ற வேண்டும், அதற்குப் பிறகே கீலின் திருகு. தூக்குவதற்கு எப்போதும் இரண்டு பேர்: ஒருவர் கீல் பக்கம், ஒருவர் பூட்டுப் பக்கம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில், நேர் மேலே. கீல் பக்கம் நிற்க யார் வருகிறீர்கள்?